பழைய ரொட்டி பழப் பலகாரம் ஆகிறது!

மழைக் காலையில் தாய்மார்களுக்கு ஒரு மணி நேரம் மிச்சம்

ஐப்பசி பிறந்துவிட்டால் சென்னையில் மழை பிடித்துக்கொள்ளும். இரவெல்லாம் கொட்டும். விடிந்த பிறகும் தூறிக்கொண்டே இருக்கும்.

அந்த நேரத்தில் போர்வையை விலக்கிக்கொண்டு எழ யாருக்குத்தான் மனம் வரும்? ஆனால் வீட்டில் ஒருவர் மட்டும் எழுந்தே தீரவேண்டும். அவர்தான் தாய்!

மண்ணூர்பேட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைக்கு மேற்கே, பாடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவே, திருவள்ளூர் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் ஊர் இது. 1964-ம் ஆண்டில் அம்பத்தூர் தொழிற்பேட்டை தொடங்கப்பட்டது. பாடியில் மோட்டார் உதிரிப்பாகத் தொழிற்சாலைகள் எழுந்தன. அன்று முதல் இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு ஷிப்டு நேரம்தான் கடிகாரம்.

அப்பாவுக்குக் காலை ஷிப்டு. அவர் விடியும் முன்பே கிளம்பவேண்டும். மூத்தவளுக்குக் கல்லூரி. 7 மணிக்குப் பேருந்து. சின்னவனுக்குப் பள்ளிக்கூடம். அவன் எழுந்திருப்பதே 7 மணிக்கு! வீட்டுக்காரியும் வேலைக்குப் போகிறவராக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

மூன்று பேருக்கு மூன்று வேளை தோசை வார்க்கவேண்டும். தோசைக்கல் ஆறுவதே இல்லை. வார்க்கிறவர் உட்காருவதும் இல்லை.

மாவு பொங்கவில்லை!

மழைக்காலத்தில் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்ளும். இட்லி மாவு சரியாகப் புளிக்காது.

மாவைப் பொங்க வைப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவற்றுக்குக் கதகதப்பு வேண்டும். சித்திரையில் 6 மணி நேரத்தில் பொங்கி வழியும் மாவு, கார்த்திகையில் விடிந்த பிறகும் அப்படியே கிடக்கும். இட்லி கல்லாகும். வீட்டில் முணுமுணுப்பு கிளம்பும்.

அப்போது கைகொடுப்பது தெருமுனைக் கடையில் விற்கும் ரொட்டிப் பொட்டலம்தான். ‘பிரெட்’ என்று சொல்கிறோமே, அதுதான். முதல் நாள் நான்கு துண்டு செலவாகும். மறுநாள் இரண்டு துண்டு. அதற்குமேல் அதைத் தொட ஆள் இராது. வறண்டு, விறைத்துப் போன ரொட்டி மூன்றாம் நாள் குப்பைக்குப் போகும்.

விறைத்துப் போன அதே ரொட்டியை வைத்து, ஒரு குடும்பம் முழுவதும் விரும்பிச் சாப்பிடும் காலைப் பலகாரம் செய்யலாம். பாதி வேலை இரவிலேயே முடிந்துவிடும். காலையில் அடுப்பில் ஏற்றிவிட்டால் போதும். பக்கத்தில் நின்று புரட்டவேண்டிய வேலை இல்லை.

மேல்நாட்டில் இதை ‘பிரெஞ்சு டோஸ்ட் கேசரோல்’ என்கிறார்கள். நம் வாய்க்கு ஏற்றபடி ‘பழ அடுக்கு’ என்று வைத்துக்கொள்ளலாம்.

இலை உதிரும் காலம்

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை இலை உதிரும் காலம். மரங்களின் இலை மஞ்சளாகும், சிவப்பாகும், பிறகு உதிரும். ஆப்பிளும் பேரிக்காயும் பறித்துக் குவிக்கும் காலமும் அதுவே. குளிர் மெல்ல எட்டிப் பார்க்கும்.

அந்தக் குளிர் காலையில் அவர்கள் விரும்புவது சூடான, இனிப்பான பலகாரம். ரொட்டியை ஒரு தட்டில் அடுக்குவார்கள். நடுவே பழத்துண்டுகளைப் பரப்புவார்கள். முட்டையும் பாலும் கலந்து மேலே ஊற்றுவார்கள். இரவு முழுவதும் ஊறும். காலையில் ஓவன் அடுப்பில் வைத்துச் சுட்டு எடுப்பார்கள்.

நமக்கு இலை உதிரும் காலம் கிடையாது. ஆனால் நமக்கும் ஒரு பருவம் உண்டு. ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்த பழந்தமிழர், ஐப்பசியையும் கார்த்திகையையும் ‘கூதிர் காலம்’ என்றார்கள். கூதிர் என்றால் குளிர்காற்று. சென்னைக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழைதான் தருகிறது. அதில் பெரும்பகுதி இந்த மாதங்களில் பெய்துவிடும்.

அவர்களுக்கு இலை உதிரும். நமக்கு மழை உதிரும். சூடான பலகாரத்துக்கு ஆசைப்படுவதில் இரண்டு பேரும் ஒன்றுதான்!

‘தொலைந்து போன ரொட்டி’

இது ஏதோ பணக்காரர் வீட்டுப் பண்டம் என்று நினைக்கவேண்டாம். பிறந்தது ஏழை வீட்டில்.

பிரான்சு நாட்டில் இதற்கு என்ன பெயர் தெரியுமா? ‘பான் பெர்து’. அதாவது ‘தொலைந்து போன ரொட்டி’! விறைத்துப் போன ரொட்டி தொலைந்ததற்குச் சமம். அதைப் பாலில் நனைத்து, முட்டையில் தோய்த்து, வெண்ணெயில் சுட்டால், தொலைந்தது திரும்பக் கிடைத்துவிடுகிறது.

ஜெர்மனியில் இதற்கு ‘ஏழைப் போர்வீரர்கள்’ என்று பொருள்படும் பெயர். ஸ்பெயின் நாட்டில் ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் இதைச் செய்கிறார்கள்.

இன்னும் பழைய கதையும் உண்டு. பண்டை ரோமாபுரியின் சமையல் குறிப்புகளைத் தொகுத்த நூல் ஒன்று ‘அபீசியஸ்’ என்ற பெயரில் வழங்குகிறது. அதில், ரொட்டியைப் பிய்த்துப் பாலில் ஊறவைத்து, எண்ணெயில் பொரித்து, தேன் ஊற்றிக் கொடுக்கும்படி ஒரு குறிப்பு இருக்கிறது.

ஆக, உலகம் முழுவதும் தாய்மார்கள் ஒரே மாதிரிதான் யோசித்திருக்கிறார்கள். மிஞ்சியதை எறியாதே. அதைச் சுவையாக்கு!

நம் வீட்டுப் பழைய சோறும் இதே யோசனைதான். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றினார்கள். காலையில் அதுவே அமுதம் ஆயிற்று. மிஞ்சிய இட்லியை உதிர்த்துத் தாளித்தார்கள். அது இட்லி உப்புமா ஆயிற்று. ரொட்டிக்கு மட்டும் இந்த மரியாதை இன்னும் கிடைக்கவில்லை.

காய்ச்சல்காரர் சாப்பாடா?

அதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழ்நாட்டில் ரொட்டி நெடுங்காலம் நோயாளி சாப்பாடாகவே இருந்தது. காய்ச்சல் வந்தால் ரொட்டியும் பாலும். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனால் கையில் ஒரு ரொட்டிப் பொட்டலம். நன்றாக இருக்கிறவர் அதைச் சாப்பிடுவதா?

இன்றைக்கும் சில வீடுகளில் இப்படி ஒரு பேச்சு நடக்கும்.

“யாருக்கும்மா காய்ச்சல்? ரொட்டி வாங்கி வந்திருக்கிறாயே!” என்பார் மாமியார்.

“காய்ச்சல் இல்லை, அத்தை. மாவு பொங்கவில்லை. அதுதான்...” என்று இழுப்பாள் மருமகள்.

ரொட்டி நம் நாட்டுக்குள் வந்த பெரிய வழிகளில் ஒன்று கோவா. அங்கே போர்த்துக்கீசியர் அதைப் பழக்கினார்கள். பம்பாய்க்காரர் சொல்லும் ‘பாவ்’ என்ற சொல், ரொட்டியைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லில் இருந்து வந்ததே. பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில், தடி போல் நீண்ட பிரெஞ்சு ரொட்டி இன்றும் கிடைக்கிறது.

ரொட்டி சாதாரண மக்களின் வீட்டுக்கு வந்தது பிறகுதான். 1965-ம் ஆண்டில் மத்திய அரசு ‘மாடர்ன் பேக்கரீஸ்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. உணவுத் தட்டுப்பாடு வாட்டிய காலம் அது. பெரிய ஆலைகளில் ரொட்டி சுட்டு, உறை போட்டு விற்றார்கள். ‘மாடர்ன் பிரெட்’ என்ற பெயர் பட்டிதொட்டி எல்லாம் பரவியது. 2000-ம் ஆண்டில் அந்த நிறுவனத்தின் பெரும் பங்கை இந்துஸ்தான் லீவர் நிறுவனம் வாங்கியது. நிறுவனம் கை மாறியது. ஆனால் மக்களின் ரொட்டிப் பழக்கம் நின்றுவிடவில்லை.

ரொட்டியில் இனிப்புச் செய்வதும் நமக்குப் புதிது அல்ல. பிரியாணி விருந்தில் ஓரமாக ஒரு கரண்டி ‘பிரெட் அல்வா’ வைப்பார்கள் அல்லவா? அது ரொட்டியை நெய்யில் வறுத்து, பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கிளறியது. ஐதராபாத்தின் ‘டபுள் கா மீட்டா’வும் ரொட்டி இனிப்புத்தான். முட்டையில் தோய்த்துக் கல்லில் சுடும் ‘பாம்பே டோஸ்ட்’ நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும்.

பழ அடுக்கு, அந்த பாம்பே டோஸ்ட்டின் அக்காள்! பாம்பே டோஸ்ட்டை ஒவ்வொரு துண்டாகத் தோய்த்து, ஒவ்வொரு துண்டாகப் புரட்டவேண்டும். பழ அடுக்கை மொத்தமாக வேகவைத்து, வெட்டி, எல்லோருக்கும் கொடுத்துவிடலாம். தாயும் கூடவே உட்கார்ந்து சாப்பிடலாம்.

புது ரொட்டி வேண்டாம்!

இந்தப் பலகாரத்துக்குப் புது ரொட்டியைவிடப் பழைய ரொட்டியே நல்லது.

ஏன்? புது ரொட்டி மெத்தென்று இருக்கும். பாலை ஊற்றினால் கூழாகிவிடும். ஒரு நாள், இரண்டு நாள் ஆன ரொட்டி சற்று விறைப்பாக இருக்கும். பாலை நன்றாகக் குடிக்கும். ஆனால் கரையாது. துண்டு துண்டாகவே நிற்கும்.

ரொட்டி விறைப்பதற்குக் காரணம் ஈரம் போவது மட்டும் அல்ல. அதில் உள்ள மாவுச்சத்து நாளாக ஆக இறுகுகிறது. பிரிட்ஜில் வைத்தால் இன்னும் சீக்கிரம் இறுகும். மறுபடி ஈரமும் சூடும் பட்டால் இளகிவிடும். பழ அடுக்கில் நடப்பது இதுதான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை! பழைய ரொட்டி வேறு, கெட்ட ரொட்டி வேறு.

மழைக்காலத்தில் ரொட்டியில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூஞ்சை பூக்கும். “அந்த இடத்தை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டால் போகிறது” என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. கண்ணுக்குத் தெரிவது பூஞ்சையின் ஒரு பகுதிதான். அதன் மெல்லிய இழைகள் ரொட்டிக்கு உள்ளே ஓடியிருக்கும். ஒரு துண்டில் பூஞ்சை கண்டாலும் பொட்டலம் முழுவதையும் எறிந்துவிடவேண்டும். உறையில் அச்சிட்ட தேதி தாண்டியிருந்தாலும் வேண்டாம்.

தேவையான பொருள்கள்

நான்கு பேருக்கு அளவு இது:

ரொட்டித் துண்டு – 8
முட்டை – 3
காய்ச்சி ஆறவைத்த பால் – 300 மில்லி (ஒன்றரைத் தம்ளர்)
சர்க்கரை – 4 மேஜைக்கரண்டி
ஆப்பிள் – 1
வாழைப்பழம் – 2
பேரீச்சம்பழம் – 6
உலர்ந்த திராட்சை – ஒரு கைப்பிடி
ஏலக்காய் – 3
நெய் அல்லது வெண்ணெய் – 3 தேக்கரண்டி
உப்பு – ஒரு சிட்டிகை

பழத்தைக் கடையில் கேட்டு வாங்கும்போது விலையைப் பாருங்கள். ஐப்பசியில் காஷ்மீர், இமாசலப் பிரதேச ஆப்பிள்கள் கோயம்பேடு சந்தைக்கு வந்து குவியும். அதனால் விலை சற்று இறங்கியிருக்கும். அடிபட்ட ஆப்பிள் இன்னும் மலிவு. அடிபட்ட இடத்தைச் செதுக்கிவிட்டுப் பயன்படுத்தலாம். ஆனால் அழுகியது கூடாது.

ஆப்பிள் கட்டுப்படியாகவில்லையா? கவலை வேண்டாம். வாழைப்பழமும் பேரீச்சம்பழமும் மட்டுமே போதும். கொட்டை எடுத்த சப்போட்டாவும் ஏற்றதுதான்.

அன்னாசியைப் பச்சையாகச் சேர்க்கவேண்டாம். அதில் உள்ள ஒரு பொருள் பாலைக் கசப்பாக்கிவிடும். சர்க்கரை போட்டு நன்றாக வேகவைத்த பிறகு சேர்க்கலாம். ஆரஞ்சு, எலுமிச்சை போன்ற புளிப்புப் பழங்கள் பாலைத் திரித்துவிடும்.

வெல்லத்தையும் பாலில் நேராகக் கரைக்கவேண்டாம். வெல்லம் சேர்ந்த பால் சூட்டில் திரிந்துபோகலாம். வெல்லச் சுவை வேண்டும் என்றால், வெந்த பிறகு கொஞ்சம் பாகு ஊற்றிக்கொள்ளலாம்.

இரவில் செய்யவேண்டியது

ஆப்பிளைத் தோலோடு மெல்லிய துண்டுகளாக நறுக்குங்கள். ஒரு கரண்டி நெய்யில் இரண்டு நிமிடம் வதக்கி ஆறவிடுங்கள். பேரீச்சம்பழத்தைக் கொட்டை நீக்கிப் பொடியாக நறுக்குங்கள்.

முட்டைகளை ஒவ்வொன்றாகத் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துச் சேர்க்கவேண்டும். ஒன்று கெட்டிருந்தாலும் மற்றவை தப்பிக்கும். சர்க்கரை, உப்பு, ஏலக்காய்ப் பொடி போட்டு நன்றாக அடியுங்கள். பிறகு பாலை ஊற்றிக் கலக்குங்கள். பால் ஆறியிருக்கவேண்டும். சுடுபாலை ஊற்றினால் முட்டை அங்கேயே வெந்து கட்டி தட்டிவிடும்.

அகலமான பாத்திரத்தின் உள்ளே நெய் தடவுங்கள். ரொட்டியை நான்காகக் கிழித்து ஒரு வரிசை அடுக்குங்கள். அதன்மேல் பாதி ஆப்பிள், பாதி பேரீச்சை, பாதி திராட்சை. மறுபடி ரொட்டி. மறுபடி பழம். மேலே ரொட்டியோடு முடியுங்கள். பால் கலவையைச் சீராக ஊற்றி, கரண்டியால் மெல்ல அழுத்துங்கள். மேல்துண்டும் நனையவேண்டும்.

வாழைப்பழத்தை இரவில் சேர்க்கக் கூடாது. கறுத்துவிடும். காலையில் வட்டமாக நறுக்கி மேலே பரப்பினால் போதும்.

பாத்திரத்தை மூடி பிரிட்ஜில் வையுங்கள். இரவு வேலை முடிந்தது! கால் மணி நேரம்தான் ஆகும்.

பிரிட்ஜ் இல்லாத வீட்டில்?

இது முக்கியம். கவனித்துப் படியுங்கள்.

முட்டையும் பாலும் கலந்ததை வெளியே இரவு முழுவதும் வைக்கவே கூடாது. மழை பெய்து குளிர்ந்தாலும் சென்னையின் குளிர் பிரிட்ஜ் குளிர் ஆகாது. பச்சை முட்டையில் ‘சால்மொனெல்லா’ என்ற கிருமி இருக்கக்கூடும். வெளிச்சூட்டில் அது மளமளவென்று பெருகும். வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் வரும். குழந்தைகளையும் முதியோரையும் அது பாடாய்ப் படுத்தும்.

அதற்காகப் பலகாரத்தையே விடவேண்டியது இல்லை. வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். இரவில் ரொட்டியைக் கிழித்து மூடி வையுங்கள். பேரீச்சையை நறுக்கி வையுங்கள். ஏலக்காயைப் பொடி செய்யுங்கள். பாத்திரத்தில் நெய் தடவி வையுங்கள்.

காலையில் பாலைக் காய்ச்சி ஆறவைத்து, முட்டையோடு கலந்து ஊற்றுங்கள். 20 நிமிடம் ஊறினால் போதும். விறைத்த ரொட்டி அதற்குள் பாலைக் குடித்துவிடும். அதன்பின் அடுப்பில் ஏற்றலாம்.

மழைக்காலத்தில் மின்சாரம் போவதும் உண்டு. இரவில் நாலு மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லாமல் போயிருந்தால், பிரிட்ஜில் வைத்த கலவையைச் சாப்பிடவேண்டாம். ரொட்டி போனால் போகட்டும். பிள்ளையின் வயிறு பெரிது!

ஓவன் இல்லாமல் சுடுவது எப்படி?

ஓவன் இருப்பவர்கள் 180 டிகிரி சூட்டில் 40 நிமிடம் வைத்தால் போதும்.

நம்மில் பலர் வீட்டில் ஓவன் கிடையாது. அதற்கு இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழி மணல் வழி. அந்தக் காலத்தில் வீட்டில் கேக் செய்தவர்கள் கையாண்ட முறை இது. அடி கனத்த பழைய பாத்திரத்தில் அரை அங்குலத்துக்குச் சுத்தமான மணலோ கல் உப்போ பரப்பவேண்டும். அதன்மேல் ஒரு சிறு வளையம் வைத்து, கனமான மூடியால் மூடி, 10 நிமிடம் சூடாக்கவேண்டும். பிறகு பலகாரப் பாத்திரத்தை உள்ளே இறக்கி மூடி, சின்னத் தீயில் 45 நிமிடம் விட்டுவிடலாம். அடியும் ஓரமும் பொன்னிறமாக முறுகும்.

இரண்டாவது வழி இன்னும் சுலபம். இட்லிப் பானை! தண்ணீர் கொதித்ததும் பாத்திரத்தை உள்ளே வையுங்கள். மேலே ஒரு தட்டு போட்டு மூடுங்கள். இல்லாவிட்டால் மூடியில் கோத்த நீர் சொட்டிப் பலகாரம் சதசதத்துவிடும். 30 நிமிடத்தில் வெந்துவிடும். முறுகல் வேண்டும் என்றால், வெட்டிய துண்டுகளைத் தோசைக்கல்லில் நெய் விட்டு ஒரு புரட்டு புரட்டினால் ஆயிற்று.

வெந்ததா என்று பார்க்க நடுவில் ஒரு கத்தியைச் செருகுங்கள். பால் ஒட்டாமல் வந்தால் வெந்தது. ஈரமாக வந்தால் இன்னும் ஐந்து நிமிடம் விடுங்கள். நடுப்பகுதி பச்சையாக இருக்கக் கூடாது.

அவசரப்பட்டுத் தீயைக் கூட்டவேண்டாம். சூடு அதிகமானால் முட்டை இறுகித் தண்ணீர் விட்டுவிடும்.

இறக்கிய பிறகு 10 நிமிடம் ஆறவிடுங்கள். அப்போதுதான் துண்டு உடையாமல் வரும்.

விரத வீட்டுக்கு வழி

கார்த்திகை பிறந்தால் பல வீடுகளில் ஐயப்பனுக்கு மாலை போடுவார்கள். கந்தசஷ்டி விரதம் இருப்பவர்களும் உண்டு. அந்த வீடுகளில் முட்டை நுழையாது.

அவர்களுக்கும் பழ அடுக்கு உண்டு. 300 மில்லி பாலில் கால் தம்ளரைத் தனியே எடுத்து, 2 மேஜைக்கரண்டி கஸ்டர்டு பவுடரைக் கரையுங்கள். கஸ்டர்டு பவுடர் என்பது பெரும்பாலும் மக்காச்சோள மாவுதான். உறையில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். மிச்சப் பாலைச் சர்க்கரையுடன் கொதிக்கவைத்து, கரைத்ததை ஊற்றிக் கிளறுங்கள். லேசாகக் கெட்டியானதும் இறக்கி, அடுக்கிய ரொட்டிமேல் ஊற்றுங்கள். அரை மணி நேரம் ஊறவிட்டு, அதேபோல் வேகவைக்கலாம்.

மாலை போட்டவர் பயன்படுத்தும் பாத்திரத்தைத் தனியாக வைத்திருப்பவர்கள் அதிலேயே செய்துகொள்ளலாம்.

குழந்தைக்கு என்ன கிடைக்கிறது?

இரண்டு துண்டு ரொட்டியைத் தேநீரில் தோய்த்துச் சாப்பிட்டால் வயிறு நிரம்பியது போல் இருக்கும். ஆனால் உடலை வளர்க்கும் புரதச் சத்து அதில் 5 கிராம் அளவுக்குத்தான் கிடைக்கும்.

அதே இரண்டு துண்டு ரொட்டியைப் பழ அடுக்காகச் சாப்பிட்டால், முட்டையும் பாலும் சேர்ந்து சுமார் 11 கிராம் புரதம் கிடைக்கிறது. 7 முதல் 9 வயது வரை உள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்குத் தேவையான புரதம் சுமார் 23 கிராம். அதில் ஏறத்தாழ பாதி காலையிலேயே கிடைத்துவிடுகிறது!

காலையில் வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குப் பாடம் எப்படி ஏறும்? அதனால்தான் தமிழ்நாடு அரசு 2022-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி மதுரையில் பள்ளிக் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. 2023 ஆகஸ்டு 25-ந் தேதி அது மாநிலம் முழுவதும் அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. காலைச் சாப்பாடு அவ்வளவு முக்கியம்.

ஆனால் இதை நாள்தோறும் செய்யவேண்டாம். இதில் சர்க்கரை இருக்கிறது. வாரத்துக்கு ஒரு நாள் போதும். நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவர் சொல்வதைக் கேட்டு நடக்கவேண்டும். மேலே தேன் ஊற்றிக்கொள்கிறவர்கள், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு அதைக் கொடுக்கவே கூடாது.

வெள்ளம் வந்தபோது...

மழைக்காலத்து ரொட்டிக்கு மேற்குச் சென்னை மக்கள் மறக்காத இன்னொரு நினைவும் உண்டு.

2015 டிசம்பர் மாதம் சென்னையை வெள்ளம் சூழ்ந்தது. கொரட்டூர், அம்பத்தூர் பக்கங்களிலும் தண்ணீர் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எந்திரங்கள் நீரில் நின்றன. பாலுக்குப் பெரும் தட்டுப்பாடு.

அந்த நாட்களில் நிவாரணமாக வந்த பொருள்களில் ரொட்டிப் பொட்டலமும் பால் பவுடரும் இருந்தன. வெறும் ரொட்டியை எத்தனை வேளைதான் தின்பது? பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

அப்படி ஒரு நாளில், பாலும் முட்டையும் இல்லாத வீட்டிலும் ஒரு வழி உண்டு. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் பால் பவுடரைக் கரைக்கலாம். சர்க்கரையும் ஒரு வாழைப்பழமும் பிசைந்து சேர்க்கலாம். ரொட்டியை அதில் நனைத்து, இட்லிப் பானையில் ஆவி காட்டினால் சூடான பலகாரம் கிடைக்கும். துன்ப காலத்தில் சூடான ஒரு வாய் உணவு, பாதித் தைரியம் தரும்.

யார் செய்யவேண்டும்?

கடைசியாக ஒரு சொல்.

பாம்பே டோஸ்ட் புரட்டக் கைப்பழக்கம் வேண்டும். தோசை வார்க்கவும் கைப்பழக்கம் வேண்டும். பழ அடுக்குக்கு அது வேண்டாம். ரொட்டியைக் கிழிக்கத் தெரிந்தால் போதும். பழத்தைப் பரப்பத் தெரிந்தால் போதும்.

ஆகவே, இந்த வேலையைத் தாயே செய்யவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் சின்னவன் ரொட்டியைக் கிழிக்கட்டும். மூத்தவள் பழம் நறுக்கட்டும். அப்பா முட்டையை அடிக்கட்டும். காலை ஷிப்டுக்கு முதலில் எழுகிறவர் அவர்தானே? எழுந்ததும் அடுப்பைப் பற்றவைத்துப் பாத்திரத்தை ஏற்றிவிட்டு, அவர் குளிக்கப் போகலாம். குளித்து உடுத்திக்கொள்வதற்குள் பலகாரம் தயார். இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு அவர் ஷிப்டுக்குப் புறப்படுவார். மற்றவர்களுக்கு மூடி வைக்கலாம். இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடவேண்டும். மிஞ்சினால் பிரிட்ஜுக்குள் போகட்டும்.

வீட்டில் எல்லோருக்காகவும் முதலில் எழுந்து, கடைசியில் சாப்பிடுகிறவர் தாய். மழை கொட்டும் ஒரு காலையாவது அவர் இன்னும் ஒரு மணி நேரம் தூங்கட்டும். குப்பைக்குப் போகவிருந்த எட்டுத் துண்டு ரொட்டி அதைச் செய்து கொடுக்குமானால், அதைவிட நல்ல பலகாரம் வேறு என்ன?